மொச்சைக்கு உபசாரம் ஆகாது

வாரும் மாப்ளே, வாரும். இப்படி வேப்பமர நெழல்ல உக்காரும். பட்டணத்து வேலைய விட்டுட்டு வந்து கொல்லையில பீன்ஸ் போட்டிருக்கீராமே? ஊர்ல எல்லாருக்கும் சந்தோசம். பேச ஒரு விசயம் கிடைச்சிருச்சுல்லா!

கொடைக்கானல்ல, 7,000 அடி உசரத்துல, மேகம் வந்து தலையத் தடவிட்டுப் போற எடத்துல வெளையுற சாமான் அது. அதைக் கோவில்பட்டிக் கரிசல்ல சித்திரையில ஊனிட்டு, பூவெல்லாம் உதிருதேன்னு கேக்கீரு. வெயில் 35 டிகிரியத் தாண்டுனா அது பூவை உதுத்துட்டுப் பேசாம நிக்கும். நம்ம வெயிலுக்குன்னே தட்டாம்பயறு, மொச்சை, காணம்னு மூணு பேரு இருக்காங்க. அவங்களுக்குப் படம் போட்ட பாக்கெட்டு இல்ல, அதான் உமக்கு எளப்பமாப் போச்சு.

போன வருசம் மொச்சையும் போட்டுப் பாத்தேன்னு சொல்லுதீரு. தெரியும், வேலிக்கு மேல எட்டிப் பாத்தேன். கொடி வீட்டுக்கூரை வரைக்கும் போச்சு, ஒரு பூ இல்ல. தையில ஊனுனா எப்படிவே பூக்கும்? நாட்டு மொச்சை பொழுதப் பாக்குற பயிரு. பகல் சுருங்கி ராத்திரி நீண்டாத்தான் பூவெடுக்கும். ஆடியில ஊனுனா ஐப்பசி, கார்த்திகையில பூத்து, பொங்கலுக்குக் காயாக் கையில வரும். நீரு தையில ஊனுனா, அடுத்த ஐப்பசி வரைக்கும் எலையப் பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்.

அதுல யூரியா வேற! மாமியார் வீட்டு விருந்துல ஒக்காந்த மாப்பிள்ளைக்கு வேலை செய்ய மனசு வருமா? உம்மைச் சொல்லல, பொதுவாச் சொன்னேன். பயறு வகைக்கு வேருலயே உரக்கடை இருக்கு. நல்லா நிக்கிற தட்டாஞ்செடி ஒண்ணப் பதனமாப் பிடுங்கி வேரப் பாரும். கம்பரிசி கணக்கா முடிச்சு முடிச்சா இருக்கும். ஒண்ணை நகத்தால கீறும். உள்ள ரோசாச் செவப்பு தெரிஞ்சா, காத்துல இருக்கிற தழைச்சத்தப் பிடிச்சுச் செடிக்குக் கொடுத்துட்டிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல நீரு அள்ளிப் போட்டா, எலையா வரும், காயா வராது.

தண்ணிக்கு வருவோம். உச்சி வெயில்ல தட்டாம்பயறு எலையெல்லாம் விளிம்பச் சூரியனுக்குக் காட்டித் திரும்பி நிக்குது. உடனே ‘ஐயோ வாடிருச்சே’ன்னு குழாயத் தூக்கிட்டு ஓடுதீரு. அது வாடலவே. வெயில் மூஞ்சியில அடிக்காம மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கி. விடியக்காலையில போய்ப் பாரும். அப்பவும் தொங்குனாத்தான் தண்ணி. தெனமும் கொஞ்சங் கொஞ்சமாத் தெளிச்சா, வேரு மேலாப்புலயே சோம்பேறியாக் கெடக்கும். ஈரத்துல, ரெண்டு விரக்கடை ஆழத்துல ஊனும். மொளைச்சு நின்னதும் கையக் கட்டிக்கிடும். பூவெடுக்கையில ஒரு தரம், பிஞ்சு பிடிக்கையில ஒரு தரம், நல்லா ஆழமா நனையட்டும். காணத்துக்கு அதுவும் வேண்டாம். மார்கழிப் பனியிலேயே காலத்த ஓட்டிரும்.

கொழுந்துல கறுப்பா அசுவினி மொய்க்கும். எறும்பு வரிசையா ஏறுனாலே உமக்குச் சேதி வந்துரும். பனி ஈரம் காயும் முன்ன அடுப்புச் சாம்பலைத் தூவும். அடுப்பு ஏது உம்ம வீட்டுல? சரி, நம்ம வீட்டுல வந்து அள்ளிக்கிடும், சாம்பலுக்குக் காசு வாங்க மாட்டேன்.

வெதைக்கு, நோய்நொடி இல்லாத கொடியில மொதல்ல நெத்தானதை எடுத்து வச்சிரும். செம்மண்ணக் கொழம்பாக் கரைச்சு, பயறு மேல பூசி வெயில்ல காய வச்சுப் பானையில போட்டா வண்டு அண்டாது. தின்ன எடுக்கிற காஞ்ச மொச்சைய ராத்திரியே ஊறப் போட்டு, வேக வச்ச தண்ணியக் கொட்டிரணும்; அது வயித்துக்கு ஆகாது. அப்புறம் கருவாட்டுக் குழம்புல போட்டா...

வெத வேணும்னா உம்ம அத்தைகிட்டக் கேளும். படியில அளந்து தருவா. தையில ரெண்டு மடங்காத் திருப்பிக் கேப்பா. மொதல் பறிப்பை மட்டும் நான் சாயங்காலமா வந்து வாங்கிக்கிடுதேன். அதை அவ கணக்குல சேக்க வேண்டாம்.