பேய்க்கு வாய் எதுக்குலே?

எய்யா பேராண்டி, ஹாலோவீனுக்குன்னு எடிசன் ஊரு வீட்டு முத்தத்துல 12 அடி எலும்புக்கூட்டை நட்டு வச்சிருக்கியே, அம்சமா இருக்கு. ஹோம் டிப்போ கடைக்காரன் 2020-ல அதைக் கொண்டாந்தப்ப விலை 299 டாலராம்லா? செத்தவனுக்கே இம்புட்டு செலவழிக்குத ஊரு! போகட்டும், காசும் உன்னுது, எலும்பும் உன்னுது. ஆனா அதோட நெஞ்சுக்குள்ள ஸ்பீக்கரைச் சொருகி, பொழுதடஞ்சதுலேருந்து தெருவே அதிர ஓலம் போட விட்டிருக்க பாரு, அங்கதான் நீ படிச்ச இன்ஜினியரிங் பல்லை இளிக்கு. எனக்குப் பயமே வரல. யாருக்கோ பல்லுவலி போலிருக்குன்னுல்லா நெனச்சேன்.

சோளக்காட்டுல பரண் மேல உக்காந்து, தகர டப்பாவைத் தட்டிக் கிளி விரட்டுன கைலே இது. ஒரே தாளத்துல தட்டிக்கிட்டே இருந்தேன்னு வையி, ரெண்டு நாள்ல கிளி பரண் மேலயே வந்து உக்காரும். தட்டாம இருந்துட்டுத் திடீர்னு ஒரு தட்டு தட்டணும். அக்டோபர் 31 அன்னைக்கு மிட்டாய்க்கு வருத பிள்ளைக என்ன கிளியை விடக் கூறு கெட்டதுகளா? பத்து வீட்டு ஓலத்தைக் கேட்டுட்டுத்தான் உன் வாசலுக்கு வருது.

சாமி காது ரெண்டு குடுத்திருக்கு. இந்தக் காதுக்கு முந்தி வருதா, அந்தக் காதுக்கு முந்தி வருதான்னு மயிரிழை வித்தியாசத்த முக்கியமா வச்சுத்தான் மனுசன் திசை கண்டுபிடிக்கான். நேரா முன்னாலயோ நேரா முதுகுக்குப் பின்னாலயோ சத்தம் வந்தா ரெண்டு காதுக்கும் ஒண்ணாத்தான் வரும்; அங்கதான் ஏமாறுவான். கனத்த முனகல் எங்கேருந்து வருதுன்னு சட்டுன்னு பிடிபடாது, அதை எந்த மூலையிலயும் வையி. சுள்ளி ஒடியுத சத்தம் உடனே திசையைக் காட்டிக் குடுத்திரும். அதை நடைபாதைக்குப் பின்னால, நேரா இல்லாம கொஞ்சம் ஓரமா, செடி மறைவுல, தரையோட தரையா வையி. கண்ணு எலும்புக்கூட்டைப் பாக்கணும், காது முதுகுப் பக்கம் இழுக்கணும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொன்னவன் காதை விட்டுட்டான்.

இன்னொரு உருவம் வேணும்னா கடைக்கு ஓடாத. பிவிசி குழாய்ல கை காலு, கோழிவலைக் கம்பியில உடம்பு, மேல பழைய சாக்குத்துணி. சுவத்துக்குப் பூசுத ஜாயின்ட் காம்பவுண்டையும் லேடக்ஸ் பெயின்டையும் 5-க்கு 1 கலந்து, துணியை அதுல முக்கிப் போத்துதாவ. மான்ஸ்டர் மட்னு பேராம். காஞ்சா மடிப்பு மடிப்பா விறைச்சு நின்னுக்கிடும். ஸ்பீக்கர் இருக்க இடத்துல மட்டும் பூசிராத, வெறுந்துணியா விடு. துணி சத்தத்தை வெளிய விடும், பூச்சு விடாது. மழைக்குப் பயமா? 5 காலன் வாளிக்குள்ள ஸ்பீக்கரை அடிப்பக்கம் பாக்க இறுக்கிக் கட்டி, வாளியைக் கவுத்தி, ஒரு ஓரத்துக்குச் செங்கல்லை முட்டுக் குடு. தண்ணி உள்ள போகாது; குரல் மட்டும் கிணத்தடியிலேருந்து வரும்.

குரலைக் கம்ப்யூட்டர்ல தேடாத, அடுக்களையில தேடு. காபித்தூள் டப்பா அடியில, நடுமத்தில ஆணியால ஒரு ஓட்டை போடு. பருத்திக் கயித்தை அதுல கோத்து, வெளிப்பக்கம் முடிச்சுப் போடு. கயிறு டப்பாவுக்குள்ள இறங்கி வாய் வழியா ஒரு முழம் தொங்கணும். ஈரத்துணியை ரெண்டு விரல்ல மடிச்சுக் கயித்தைக் கவ்விப் பிடி. வழுக்கி வழுக்கி, விட்டு விட்டு இழு. டப்பா முழுக்கக் கரகரன்னு தொண்டையச் செருமும். செல்போன்ல பதிஞ்சு, சுருதியும் சேந்து இறங்குதாப்புல வேகத்தைப் பாதியாக் குறைச்சுக் கேளு. அந்தச் செருமல் ஆழத்துக்கு இறங்கிரும். அதுக்கப்புறம் ராத்திரி தனியா அடுக்களைக்குப் போறியான்னு நானும் பாக்கேன்.

ஆள் வந்தா சத்தம் போட ஒரு சென்சார் மாட்டிருக்க. அதுக்குத் தெரியுதது நகருத சூடு மட்டும்தான். தெருவுல கார் போனாலும் கத்துது, பூனை போனாலும் கத்துது. அது மூஞ்சியில சாண் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டு. கடிவாளம் போட்டாப்புல நடைபாதையை மட்டும் பாக்கும்.

இப்ப ரகசியத்துக்கு வாரேன், கிட்ட வா. சென்சார் சத்தத்தை ஆரம்பிக்கவே கூடாதுலே, நிறுத்தணும். முத்தம் பூரா சில்வண்டுச் சத்தம் சன்னமா ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஒருத்தனும் கவனிக்க மாட்டான். ஆள் படியில கால் வச்சதும் டக்குனு நிக்கணும். காட்டுல சில்வண்டு வாயை மூடுச்சுன்னா பக்கத்துல ஏதோ வந்து நிக்குன்னு அர்த்தம். மூணு எண்ணுத நேரம் ஒண்ணும் இருக்கக் கூடாது. அப்புறம் முதுகுக்குப் பின்னால ஒரே ஒரு சுள்ளி ஒடியணும். போதும். ரிலேயில வயரை மாத்திக் குடுக்கது உனக்குத் தெரியாதாக்கும்?

கைக்குழந்தையோட வந்தா எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுட்டு மிட்டாயக் குடு. வயரை நடைபாதைக்குக் குறுக்க விடாத. பேய்க்குப் பயந்தவன் வழக்குப் போட மாட்டான், வயர் தட்டி விழுந்தவன் போடுவான். அந்தக் கத்துத ஸ்பீக்கரை இன்னைக்கே பிடுங்கி எறி. நான் சொல்லுதத நம்பலையா? உங்க ஆச்சி சத்தம் போட்டுப் பேசுன நாள்ல நான் திண்ணையில நிம்மதியாத் தூங்கியிருக்கேன். அவ பேச்சை நிறுத்துன நாள்லதாம்லே நான் வயக்காட்டுக்கு ஓடுனேன்.