பவுடர் டப்பாவுக்கு ஓய்வு எப்போ?

எளா மக்கா, நர்சிங் முடிச்சு வேலைக்குச் சேந்தாச்சு, கொள்ளாம். இனி பாட்டா சொல்லுகதக் கேளு. ஆராய்ச்சி, ஆதாரம்ணு படிச்ச புஸ்தகத்தையெல்லாம் பெட்டியில வச்சுப் பூட்டிரு. வார்டுல ஒரே புஸ்தகம்தான். அதுக்குப் பேரு ‘இங்க எப்பவும் இப்பிடித்தான்’. எழுதினது ஆருன்னு தெரியாது, திருத்த ஆருக்கும் தைரியமும் கெடையாது.

எனக்க இடுப்பெலும்பு ஒடிஞ்சு கெடந்தப்ப அத நான் முழுசா வாசிச்சாச்சு. ஆபரேசனுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணியோட குடிவெள்ளமும் நிறுத்தியாச்சு. ‘காலையில மொத கேசு பாட்டாதான்’னாவ. தள்ளிக்கிட்டுப் போனது மத்தியானம் ரெண்டு மணிக்கு. நாக்கு கருவாடாக் காஞ்சாச்சு. வேற கோளாறு இல்லாதவன் ரெண்டு மணிக்கூரு முந்தி வரைக்கும் பாலு சேக்காத கட்டஞ்சாயா குடிக்கலாம்ணு அமெரிக்காவுல மயக்க மருந்து டாக்டர்மாரு 1999லயே எழுதி வச்சாச்சுன்னு நீ பொறவுதான் சொன்ன.

அடுத்தது முதுகு. படுத்துப் படுத்து வாலெலும்புக்க மேல தோலு செவந்தாச்சு. மூத்த சிஸ்டர் ஒருத்தி வந்து ஸ்பிரிட்ட ஊத்தி, பவுடரக் கொட்டி, அழுத்தித் தேச்சா. நல்ல மனசுக்காரி; தேய்ப்பும் சொகம்தான். அடியில காத்தடிச்ச ரப்பர் வளையம் வேற. அப்ப நீ டிரெய்னிங்குக்கு அங்கதான் நிக்கிய. குனிஞ்சு எனக்க காதுல சொன்ன: “செவந்த எடத்தத் தேச்சா உள்ள சதைதான் கெடும் பாட்டா, வளையம் ரெத்த ஓட்டத்த மறிக்கும், நேரத்துக்கு நேரம் சரிச்சுப் படுக்க வைக்கணும்.” எனக்க காதுல! நான் என்ன சீஃப் டாக்டரா? அந்தச் சிஸ்டருக்க கிட்ட சொல்லப்பிடாதான்னு கேட்டா, “நைட் டூட்டியாப் போட்டுத் தள்ளிருவாவ”ன்ன.

உனக்கு மட்டும் உள்ள சீக்கு இல்ல இது. 1991ல அமெரிக்காவுல சாண்ட்ரா ஃபங்கும் கூட்டாளிகளும், ஆராய்ச்சியில கண்டத வார்டுல செய்ய எது தடைன்னு நர்சுமாருக்க கிட்ட கேட்டாவ. ‘நோயாளியக் கவனிக்கிய முறைய மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல’ங்கதுதான் எல்லாத்துக்கும் மேல நின்னுது. அடுத்தது, நேரமில்ல. நாப்பது கட்டிலுக்கு ரெண்டு பேரு நிக்கிய ராத்திரியில எனக்க இடுப்ப ஆரு வந்து திருப்புவா? அதுல நான் கேலி பேசமாட்டேன்.

பெரியவிய செஞ்சது தப்பாகுமான்னு உன்ன மடக்குவாவ. நெய்யூரச் சொல்லு. 1838ல மருத்துவ மிஷன் தொடங்கின எடம். 1924ல ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம எவரெஸ்டுல 28,000 அடி பக்கம் ஏறின சாமர்வெல் டாக்டரு அங்கதான் இருவது வருசம் கத்தி பிடிச்சாரு. இந்தப் பக்கத்து வயித்துப் புண்ணுக்காரன் எத்தனையோ பேருக்கு அறுத்துச் சொகமாக்கினாரு, கையெடுத்துக் கும்பிடணும். ஆனா 1982ல ஆஸ்திரேலியாவுல மார்ஷலும் வாரனும் அந்தப் புண்ணுக்குப் பின்னால ஒரு கிருமி ஒளிஞ்சு நிக்கியதக் கண்டாவ. 2005ல நோபலும் கிட்டிச்சு. இப்ப முக்காவாசிப் பேருக்கு மாத்திரையோட சரி. எவரெஸ்டு ஏறினவருக்க கத்தியே ஒறைக்குள்ள போயாச்சு, பவுடர் டப்பா போவப்பிடாதா?

வெளக்கேத்தி உறுதிமொழி எடுத்த போட்டோவ எல்லாருக்கும் அனுப்பினியே, நைட்டிங்கேல் அம்மைக்க கையில வெளக்கு மட்டுமா இருந்தது? கிரிமியாப் போருல குண்டுபட்டுச் செத்தவனவிட சீக்குல செத்தவன் அதிகம்ணு எண்ணி, 1858ல கலர் படம் வரஞ்சு அதிகாரிமாருக்க மூக்குக்கு நேரே நீட்டினவளாக்கும்.

நீயும் எண்ணு. எந்தக் கட்டிலுல எப்பத் திருப்பினது, எத்தன பேருக்குத் தோலு செவந்ததுன்னு ஒரு நோட்டுல எழுது. மூணு மாசம் கழிஞ்சு, டாக்டரு சாயா குடிக்கிய நேரமாப் பாத்து, “சார், அண்ணைக்கு நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கு”ன்னு நீட்டு. அவரு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. அது அவருக்கு ஓர்மையும் இருக்காது. தலைய ஆட்டுவாரு, மறுநாளு ஆர்டராயிரும். வருசக் கடைசியில கான்பரன்சுல உனக்க நோட்டப் படம் பிடிச்சுத் திரையில போட்டு அவரே விளக்குவாரு. அதனால, பக்கத்துக்குப் பக்கம் நடு மத்தியில உனக்க பேர அழியாத மையில எழுதி வச்சிரு.