காளவாசல் சுருங்காது, பேராண்டி

வாய்யா பேராண்டி, வா. மொகம் ஏன் வாடின வெத்தல மாதிரி தொங்குது? லேப்டாப்புல எடமில்லன்னு சொல்லிருச்சா? சொல்லும்யா, பின்ன சொல்லாதா? நீ அதுக்கு அள்ளித் திணிச்ச அழகை மூணு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எனக்கென்ன தெரியும், சூளையில கணக்கெழுதுன கெழவன். கல்லு எண்ணத் தெரியும். கொள்ளாத எடத்துல கொள்ளாதுன்னு சொல்லத் தெரியும். இம்புட்டுப் படிச்ச உனக்கு அது தெரியாமப் போச்சேன்னுதான் சின்னதா ஒரு வருத்தம்.

கடையில 256 ஜிபின்னு சொல்லி வாங்கிட்டு வந்த. வீட்டுல தெறந்தா விண்டோஸ் 238-னு காட்டுது. அன்னைக்கே சண்டைக்குக் கெளம்புன. செஞ்சவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணுது. குவியல் ஒண்ணுதான், படிதான் வேற. இதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். ‘உனக்கு ஒண்ணும் புரியாது தாத்தா’ன்ன. சரிய்யான்னு வெத்தலையப் போட்டுக்கிட்டேன்.

அப்பறம் லினக்ஸ் பழகணும்னு, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரு ஓட்டுற வர்ச்சுவல் பாக்ஸ் போட்ட. டிஸ்க்கு எம்புட்டு வேணும்னு அது மரியாதையாத்தான் கேட்டுச்சு. நீ 100 ஜிபின்னு அள்ளி விட்ட. ‘இது டைனமிக்கு தாத்தா, எடுத்தாத்தான் வளரும்’னு எனக்கு வெளக்கம் வேற. கந்துவட்டிக்காரன்கிட்டப் போறவன் பூராப் பேரும் இதைத்தான்யா சொல்றான்: ‘சும்மா கேட்டு வெப்போம், எடுக்கவா போறோம்?’

2011-ல உங்க பெரியம்மா மக பன்னெண்டாவது படிக்கையில கவருமெண்டு லேப்டாப்பு வந்துச்சு, எல்காட்டு மூலமாக் குடுத்தது. 320 ஜிபி டிஸ்க்கு. ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் சி-டாக் காரக செஞ்ச பாஸ் லினக்ஸ். அது பாகப்பிரிவினை. அண்ணனுக்கு இம்புட்டு, தம்பிக்கு இம்புட்டு, நடுவுல சுவரு. அண்ணன் இருந்தாத் தம்பி இருக்க மாட்டான். நீ செஞ்சது அப்படியா? ஒரே வீட்டுல லினக்ஸைக் குடித்தனக்காரனா வெச்சிருக்க. மொத்த வீடும் தனக்குத்தான்னு அவன் நெனைப்பு. இதொண்ணும் நேத்து மொளைச்ச வித்தையுமில்ல. 1972-லயே ஐபிஎம்மு விஎம்/370-னு ஒண்ணு விட்டுச்சு. பெரிய டிஸ்க்கை மினிடிஸ்க்குன்னு கூறு போட்டு ஆளுக்கொண்ணாக் குடுத்தாக. அளந்து குடுத்தாகய்யா, அளந்து!

சரி, மேட்டருக்கு வருவோம். போன வாரம் குடித்தனக்காரன் வீட்டுக்குள்ள போயி 40 ஜிபியை அழிச்ச. உள்ள பாத்தா 22 ஜிபிதான் இருக்குங்குது. வெளிய வந்து, அவன் டிஸ்க்கு பூராம் அடங்குன விடிஐ ஃபைலைப் பாத்தா 71. ‘ஏமாத்திப்புட்டான் தாத்தா’ன்னு குதிச்ச. யாருய்யா ஏமாத்துனா? நாம நிக்கிற எடத்துக்கு ஏன் காளவாசல்னு பேரு? இன்னைக்கு மேல பாலம் ஓடுது, கீழ பஸ்ஸு ஓடுது, ஆனாலும் பேருல சூளைதான இருக்கு? வெந்த கல்லை வண்டி வண்டியா ஏத்தி அனுப்பிட்டா, காளவாசல் தன்னால சுருங்கிருமா? அது கட்டுன உசரத்துக்கு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். உன் விடிஐ அதே காளவாசல்தான்.

லினக்ஸ்ல நீ அழிச்சது ரிஜிஸ்டர்ல பேரைத்தான். சரக்கு டிஸ்க்குல அப்படியே கெடக்கு. வர்ச்சுவல் பாக்ஸ் ஒவ்வொரு எம்பியா எடத்தை வாங்கிக்கிட்டே போகும். எது செத்த சரக்கு, எது உசுருள்ள சரக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால கூட்டுறதுக்கு ரெண்டு வெளக்குமாறு வேணும். உள்ள ஒண்ணு: லினக்ஸ்னா ஜீரோஃப்ரீ, விண்டோஸ்னா எஸ்டெலீட். காலி எடம் பூராவையும் சுழியமா ஆக்கிரும். ஜீரோஃப்ரீக்கு அந்தப் பகுதியை எழுத முடியாதபடி பூட்டிட்டுத்தான் ஓட்டணும். அப்பறம் குடித்தனக்காரனைத் தூங்க வெக்காம முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு, வெளிய வந்து ரெண்டாவது வெளக்குமாறு: வர்ச்சுவல் பாக்ஸோட விபாக்ஸ்மேனேஜுல காம்பாக்ட்டு. முழுக்கச் சுழியமாக் கெடக்குற கட்டத்தை மட்டும் அது கழட்டி விடும். உள்ள கூட்டாம வெளிய மட்டும் கூட்டுனா ஒரு கூடை குப்பை கூட வராது.

இப்ப நீ மறைச்ச சங்கதி. ஸ்னாப்ஷாட்டு எத்தனை? ஏழா? அடேங்கப்பா! நம்ம பக்கம் செய்முறை நோட்டு தெரியும்ல? காதுகுத்துக்கு ஒரு நோட்டு, கல்யாணத்துக்கு ஒரு நோட்டு. எவன் எம்புட்டுச் செஞ்சான்னு தெரியணும்னா பழைய நோட்டும் வேணும், புது நோட்டும் வேணும். ஸ்னாப்ஷாட்டும் அதேதான். எடுத்த நாளோட பழைய ஃபைலு மூடிக்கிரும். அதுக்கப்பறம் மாறுனது பூராம் புது நோட்டுல. ஏழு நோட்டு, ஏழு வகுறு. எடம் பத்தலன்னு நடு நோட்டை எக்ஸ்ப்ளோரர்ல போயி நேராத் தூக்கிப் போட்டியோ, கணக்கு மொத்தமும் போச்சு. வர்ச்சுவல் பாக்ஸுக்குள்ள போயி அழி. அதுதான் ரெண்டு நோட்டையும் ஒண்ணாக்கும். ஒண்ணாக்கவும் கொஞ்சம் எடம் வேணும்யா. முங்குற வரைக்கும் காத்திருந்தா மூச்சு விட எடமிருக்காது.

இன்னொண்ணு. சோம்பேறித்தனமா ‘சேவ் ஸ்டேட்’டு போட்டு மூடுறியே, அது குடித்தனக்காரனோட மெமரியையும் டிஸ்க்குல எழுதி வெக்கும். நாலு ஜிபி ராம் குடுத்திருந்தா நாலு ஜிபி வரைக்கும் முழுங்கும். லினக்ஸுக்குள்ள வாரம் ஒருக்கா ‘ஆப்ட் க்ளீன்’ போடு. எறக்கி வெச்ச பொட்டலமெல்லாம் போகும். அப்பவும் பத்தலையா, மெஷினை நிறுத்திட்டு மெனுவுல ‘மூவ்’ கொடுத்து வெளி எஸ்எஸ்டிக்கு மொத்தக் குடித்தனத்தையும் அனுப்பிரு. இதையெல்லாம் விட்டுட்டு 100-ஐ 150 ஆக்குறேன்னு கெளம்பாத. ஃபைல்ல நம்பரை மாத்துனாலும் உள்ள பார்ட்டிஷனை நீட்டாத வரைக்கும் ஒரு எம்பி கூட வராது. வெளிய இருக்குற எடமோ ஒரு முழம் கூட நீளாது.

கெழவனுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு முழிக்காத. ராத்திரி ஃபிரண்டுகிட்ட ஃபோன்ல நீ பொலம்பையில கண்ணைத்தான் மூடியிருந்தேன், காதை மூடல. அவன் நல்ல பய, ஒண்ணு விடாமச் சொன்னான். நீதான் ‘சரிடா சரிடா’ன்னு தூங்கிட்ட.

வெளி டிஸ்க்கு நெறைஞ்சா வர்ச்சுவல் பாக்ஸே மெஷினைப் பாதியில நிறுத்தி வெச்சிரும். அதுவரைக்கும் போகாத. அடுத்த மெஷினுக்கு 40 ஜிபிக்கு மேல குடுக்காத. வாரத்துல ஒருநா விடிஐ எம்புட்டு ஊதியிருக்குன்னு பாரு. குடித்தனக்காரனுக்குச் சாவியைக் குடுத்தவன்தான்யா வீட்டையும் பாத்துக்கிடணும்.