குடிலும் கெட்டிலும்

கேள்வி: அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறோம். எதில் கவனம் தேவை? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். எல்.இ.டி. சீரியல் செட் கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும். அதே பாக்ஸில் டீக்கு கெட்டில் செருகுவார்களே, அதுதான் வில்லன்! 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். 1,500 வாட் கெட்டில் தனியாகவே அதைத் தாண்டிவிடும். வயர் சூடாகி உருகினால், பக்கத்திலேயே வைக்கோல் காத்திருக்கிறது.

பாலனுக்குக் குளிருமே என்று பஞ்சு விரிக்கிறீர்கள். அதனருகே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். பேட்டரி விளக்கு போதும். ஸ்டார் கட்ட ஏணி கொண்டுவரச் சொல்லுங்கள், சுழல் நாற்காலியில் ஏற வேண்டாம். ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் உங்களை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போகக் கூடாது. அவசர வழியை கிறிஸ்துமஸ் மரம் மறைக்கக் கூடாது. கிளம்பும்போது சுவிட்சை அணையுங்கள்; இரவில் காவலாளி அங்கே தனியாக இருப்பார்.