செத்தவர்களுக்குத் தர்பூசணி

1900 ஜூலை 16, திங்கட்கிழமை. லண்டன்வாசிகள் காலைத் தேநீரோடு 'டெய்லி மெயில்' பத்திரிகையைப் பிரித்தார்கள். பெக்கிங்கில் இருந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும் சீனர்கள் வெட்டிப் போட்டுவிட்டார்களாம். கடைசித் தோட்டா தீரும்வரை வீரம், பிறகு பூண்டோடு நாசம். எழுதியவர் பெக்கிங்கில் இல்லை, ஷாங்காயில் இருந்த சிறப்பு நிருபர். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர். தந்திக் கம்பியோ ஒரு மாதமாக அறுந்து கிடந்தது. ஒரு குஞ்சுகூட மிச்சமில்லாத சண்டையை யார் பார்த்து, யாரிடம் வந்து சொன்னார்கள் என்று கேட்டிருக்க வேண்டிய ஆசிரியர் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

சண்டை நடந்தது உண்மைதான். மழை பொய்த்து, பிழைப்பும் கெட்டு, ரயில்காரர்கள்மீதும் பாதிரிமார்கள்மீதும் கடுப்பில் இருந்த ஷான்டோங் விவசாயிப் பையன்கள், மந்திரம் சொன்னால் உடம்பில் குண்டு பாயாது என்று நம்பிக் கிளம்பியிருந்தார்கள். உலகம் அவர்களை பாக்ஸர்கள் என்றது. ஜூன் 20 முதல் பெக்கிங் தூதரகப் பகுதி முற்றுகையில் இருந்தது. அன்றைக்குத்தான் ஜெர்மன் தூதர் கெட்டலர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் கொல்லப்பட்ட செய்தி ஐரோப்பாவில் அதற்குச் சில நாள் முன்பே வந்துவிட்டது. பத்திரிகையின் பேச்சைத் தட்டாத ஒரே தூதர் அவர்தான்.

மற்றவர்கள் தட்டினார்கள். ஜூலை 17 அன்று 'டைம்ஸ்' இரங்கல் கட்டுரைகளை அச்சிட்டது: பிரிட்டிஷ் தூதர் கிளாட் மெக்டொனால்டுக்கு ஒன்று, சீனச் சுங்கத்துறையை 1863 முதல் கட்டி ஆண்ட ராபர்ட் ஹார்ட்டுக்கு ஒன்று, தன் சொந்த நிருபர் ஜார்ஜ் மாரிசனுக்கு ஒன்று. மாரிசன் ஆஸ்திரேலியர், பெக்கிங்கில் உட்கார்ந்து உலகத்துக்குச் சீனாவைப் பற்றிச் சொன்னவர், சீன மொழி மட்டும் வராது. இரங்கலில் அவரை வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். அவரோ தொடையில் குண்டடி பட்டு, கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பிற்பாடு அதை நிதானமாகப் படித்துப் பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது. அவ்வளவு புகழ்ந்த முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்க அதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் வேண்டுமா?

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஜூலை 23 அன்று இவர்களுக்கெல்லாம் நினைவு வழிபாடு என்று நாள் குறித்தாயிற்று.

இந்த நேரத்தில் காலமானவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பந்தயக் குதிரைகளை அடித்துக் குழம்பு வைத்துச் சோற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஷாம்பெயினுக்குப் பஞ்சமே இல்லை. தூதர் வீட்டம்மாக்கள் பட்டுத் திரைச்சீலைகளை வெட்டி மணல்மூட்டை தைத்தார்கள். பழைய பிரிட்டிஷ் பீரங்கிக் குழாய் ஒன்று அகப்பட்டது. அதை இத்தாலிய வண்டியில் ஏற்றி, ரஷ்யக் குண்டு போட்டு, அமெரிக்கர் ஒருவர் சுட்டார். வல்லரசுகள் முழு ஒற்றுமையாக இருந்தது அந்தப் பீரங்கியில் மட்டும்தான்.

உண்மையாகவே செத்தவர்களும் உண்டு. வெளிநாட்டவர் அறுபது பேருக்கு மேல். அதே வளைவுக்குள் தஞ்சம் புகுந்திருந்த சீனக் கிறிஸ்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம்; அவர்களுக்குக் குதிரைக் குழம்பும் எட்டவில்லை, மரப்பட்டையும் இலையும்தான். லண்டன் இரங்கலில் அவர்களுக்கு இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அரண்மனைக்கோ சண்டை வேண்டுமா வேண்டாமா என்றே தீர்மானமில்லை. 'டைம்ஸ்' ஒப்பாரி வைத்த அதே நாட்களில் சண்டை தற்காலிகமாக ஓய்ந்தது. ஜூலை 20 வாக்கில் பேரரசி ஸிஷியின் அரசு முற்றுகைக்குள் வண்டி அனுப்பியது: தர்பூசணி, காய்கறி, மாவு, ஐஸ்கட்டி. இங்கே எழவு, அங்கே பழத்தட்டு.

சரி, உயிரோடு இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று அமெரிக்கத் தூதர் காங்கர் சங்கேதத் தந்தி ஒன்றைச் சீன அரசு வழியாக அனுப்பினார். வாஷிங்டனில் இருந்த சீனத் தூதர் வு டிங்ஃபாங் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐரோப்பா சிரித்தது. சீனாக்காரன் கொண்டுவந்த தந்தியா, தந்திரம்தான்! பெயரே சொல்லாத ஷாங்காய் ஆசாமியின் கதைக்குச் சாட்சி கேட்காதவர்கள், தூதரே அனுப்பிய தந்திக்குச் சாட்சி கேட்டார்கள். கடைசியில் அமெரிக்க வெளியுறவுத்துறை காங்கரிடம் ஒரு ரகசியக் கேள்வி போட்டது: உம்முடைய சகோதரியின் பெயர் என்ன? இன்றைக்கு வங்கிக்காரர்கள் போனில் கேட்கிறார்களே, அதன் முப்பாட்டன் இது. 'ஆல்ட்டா' என்று பதில் வந்தது. அமெரிக்கத் தூதர் உயிர்பெற்றார்.

ராபர்ட் ஹார்ட் அவ்வளவு மெனக்கெடவில்லை. வீடு எரிந்து போட்டுக்கொள்ளத் துணி இல்லாததால், இலையுதிர்காலத்துக்கு இரண்டு சூட், குளிருக்கு இரண்டு, பூட்ஸ், செருப்பு எல்லாம் உடனே அனுப்பும்படி லண்டனுக்குத் தந்தி அடித்தார். பிணம் தையல்காரருக்கு ஆர்டர் கொடுத்தால் நம்பித்தானே ஆக வேண்டும்! தேவாலய வழிபாடு அதற்கு முன்பே, கடைசி நேரத்தில் நின்றுபோயிருந்தது.

ஆனால் மனதில் பதிந்த சீனாவை யாரும் ரத்து செய்யவில்லை. ஜூலை 27 அன்று பிரேமர்ஹாஃபெனில் ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்ம், கப்பலேறும் சிப்பாய்களிடம் கருணையே காட்டாதீர்கள், அட்டிலாவின் ஹூணர்களைப்போல் பெயர் வாங்குங்கள் என்று முழங்கினார். வாங்கினார்கள். பதினான்கு வருடம் கழித்துப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்த ஹூணர் பட்டத்தை ஜெர்மானியர் தலையிலேயே கட்டின. சரக்கு பழசு, முகவரி மட்டும் புதுசு.

ஆகஸ்ட் 14 அன்று முற்றுகை உடைந்தது. சாக்கடைக் கால்வாய் வழியாக முதலில் நுழைந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். பிறகு மீட்க வந்த எட்டு நாட்டுப் படைகளும் நாகரிகத்தைக் காக்கும் கையோடு ஊரைச் சூறையாடின. பிரிட்டிஷ் தூதரகத்தில் கொள்ளைப்பொருள் ஏலம் அமோகமாக நடந்தது. 1901 உடன்படிக்கையில் சீனாவுக்கு 45 கோடி டேல் வெள்ளி அபராதம், வட்டி தனி. சீனர்கள் 45 கோடிப் பேர் என்று கணக்கு, தலைக்கு ஒன்று.

ஹார்ட் மட்டும் சும்மா இருக்கவில்லை. புது சூட் வந்ததோ இல்லையோ, கட்டுரைகள் எழுதத் தொடங்கினார்: பாக்ஸர்கள் வெறும் காட்டுமிராண்டிகள் அல்லர், இது நாட்டுப்பற்று, அவர்களுக்குக் கோபம் வர நியாயம் இருந்தது என்று. செத்தபோது அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய லண்டன், கிழவர் சீனாவுக்குப் பரிந்து பேசுகிறார் என்று பொரிந்து தள்ளியது.