வடை ஓட்டையில் ஒரு ராஜாங்கம்

தென்னாப்பிரிக்காவை மெதுவடை என்று வைத்துக்கொண்டால் லெசோதோ அதன் ஓட்டை. நடுவில் விழாமல் கிழக்கே ஒதுங்கிவிட்டது. புதிதாக வடை தட்டியவர் கைவேலை மாதிரி. எந்தப் பக்கம் நடந்தாலும் தென்னாப்பிரிக்காதான். கடல் கிடையாது, உயரம் உண்டு. நாட்டின் மிகத் தாழ்வான இடமே 1,400 மீட்டர். அங்கே பள்ளத்தில் விழுந்தவனும் மலை மேல்தான் கிடப்பான்.

இந்த நாட்டை உண்டாக்கியவர் மொஷ்வேஷ்வே. 1786 வாக்கில் பிறந்தவர். வாலிப வயதில் பக்கத்துத் தலைவர் ஒருவரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நம் இலக்கணக்காரர்கள் இதற்கு வெட்சி என்று பூப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் வேறு பெயர். பையன் அதோடு விட்டானா? மாட்டுக்காரனுக்குத் தாடியை ஒட்டச் சிரைத்துவிட்டதாகப் பாட்டுக் கட்டிப் பாடினான். சவரக்கத்தியின் 'ஷ்வே, ஷ்வே' சத்தமே அவனுக்குப் பெயராகிவிட்டது. ஊரை மொட்டையடித்த ராஜாக்கள் ஏராளம். அதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டவர் இவர்தான்.

1824இல் பரிவாரத்தோடு தாபா போசியு என்ற மலைக்குக் குடிபெயர்ந்தார். பெயருக்கு 'இரவின் மலை' என்று பொருள். இருட்டினால் இந்த மலை வளரும் என்று ஒரு கதை உண்டு. கோட்டைச் சுவர் கட்டும் செலவு மிச்சம். வழியில் தாத்தா பீட்டே பின்தங்கிவிட்டார். போரும் பஞ்சமும் மனிதனை மனிதன் தின்ன வைத்த காலம். தாத்தாவையும் தின்றுவிட்டார்கள்.

தின்றவர்கள் பிறகு பேரன் கையில் சிக்கினார்கள். தலை உருளும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மொஷ்வேஷ்வேவோ, இவர்கள் என் தாத்தாவின் சமாதி, சமாதியை யாராவது இடிப்பார்களா என்று கேட்டார். அந்த வயிறுகளுக்கே ஈமச்சடங்கு செய்து, பிழைத்துப்போக மாடும் கொடுத்து அனுப்பினார். கறிக்கு மாடு இருக்கிறவன் கிழவரை ஏன் தேடப் போகிறான்?

மாடுதான் அவருடைய வெளியுறவுத் துறை. 1831இல் மிசிலிகாசி என்ற இன்னொரு ராஜாவின் படை வந்து மலையில் மோதித் தோற்றுத் திரும்பியது. பசியால்தான் வந்திருப்பீர்கள் என்று சொல்லி, பின்னாலேயே மாடுகளை அனுப்பிவைத்தார். அடித்தவனே சோறும் போட்டால் யார்தான் மறுபடி சண்டைக்கு வருவான்? அவர்கள் வரவில்லை.

1852இல் பிரிட்டிஷ் கவர்னர் கேத்கார்ட் 10,000 மாடும் 1,000 குதிரையும் அபராதமாகக் கேட்டார். வந்தது 3,500 மாடு. மீதியை வசூலிக்கப் படையோடு வந்தவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிரவே மொஷ்வேஷ்வேவிடமிருந்து பவ்வியமாக ஒரு கடிதம்: உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், போதும், சமாதானமாகப் போவோம். துரையும் ஜெயித்ததாகவே சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினார். இதைவிடச் சுத்தமான சவரம் மொஷ்வேஷ்வே செய்ததே இல்லை.

டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது மாடு அல்ல, நிலம். விளைநிலத்தில் பெரும்பகுதி போனது. 1868இல் மிச்சத்தைக் காப்பாற்ற விக்டோரியா ராணியின் நிழலில் ஒதுங்கிய கிழவர், 1870இல் கண்மூடினார். அடுத்த வருஷமே நாடு பிரிட்டிஷாரின் கேப் காலனி வசம் போனது. 1880இல் அந்த அரசு, துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்றது. கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் முதுகொடிய உழைத்து வாங்கிய துப்பாக்கிகள்; கொடுப்பார்களா? சண்டை போட்டுச் சலித்த கேப், 1884இல் நாட்டை லண்டனிடமே திருப்பிக் கொடுத்தது, சாயம் போன புடவையைக் கடையில் திருப்புவதுபோல. சுதந்திரம் 1966 அக்டோபர் 4இல் வந்தது.

இன்று 185 மீட்டர் உயரக் காட்சே அணையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் விற்கிறார்கள். வடைக்கு ஓட்டைதான் தண்ணீர் காட்டுகிறது. அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்தும் அனுப்புகிறார்கள். 2025 மார்ச்சில் டிரம்ப், இது யாருமே கேள்விப்படாத நாடு என்றார். அடுத்த மாதமே அந்தக் கேள்விப்படாத நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி அறிவித்தார். பிறகு 15 ஆக இறங்கியது. இந்த முறை மாடு எதுவும் அனுப்பவில்லை.