டெஸ்டிங் வாரண்டி

குடும்பத்தில் ஒருவன் பி.எஸ்சி. இயற்பியல் படித்துத் தொலைத்தால், ஆயுள் முழுக்க அவன்தான் எல்லோருக்கும் சார்ஜர் வாங்கித் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். நான் வேலை பார்ப்பது வங்கியில். ஆனால் கடனைப் பற்றி ஒரு சொந்தக்காரரும் என்னிடம் யோசனை கேட்டது கிடையாது. இயர்போனில் இடது பக்கம் கேட்கவில்லை என்றால் மட்டும் ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்.

இந்த வாடிக்கையாளர்களில் முதன்மையானவர் என் சித்தப்பா. தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். ஊர் ஊராகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைத்தவர். பிஸ்கட் பாக்கெட்டின் நிகர எடையை இன்றைக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். ஓய்வு பெற்ற கையோடு பழைய கேமரா ஒன்றை வாங்கி, வேடந்தாங்கல் பறவைகளைப் படமெடுக்க ஆரம்பித்தார். கேமராவுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தபோது கலங்காத மனிதர், ஸ்டாண்டு, கார்டு, பை என்று வந்ததும் காய்கறிக் கடையில் கொசுறுக்கு நிற்பவராக மாறிவிட்டார்.

"பெட்டி மேல நம்பர் பெருசா இருக்கணும், விலை சின்னதா இருக்கணும். அவ்வளவுதான்டா தம்பி" என்பது அவர் கொள்கை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தலைமுறை பி.எம்.பி.ஓ. பார்த்து வளர்ந்தது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். முகப்பிலேயே வெள்ளி எழுத்தில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று மின்னும். வீட்டில் இஸ்திரிப் பெட்டி இழுப்பதே 750 அல்லது 1000 வாட்தான். டேப் ரெக்கார்டரோ ஆறு டார்ச் பேட்டரியில் பாடிக்கொண்டிருந்தது. ஆறு பேட்டரியில் சட்டை தேய்க்க முடியுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. கம்பெனிக்காரர் மனசு எவ்வளவு விசாலமோ அவ்வளவு வாட். உண்மையான கணக்கு பின்பக்கத்தில், ஆர்.எம்.எஸ். என்று பொடி எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது.

என் கொள்கை அங்கேதான் பிறந்தது: பெரிய எழுத்தைத் தாண்டிப் போய்ப் பொடி எழுத்தைப் படி.

போன மாதம் இரண்டு கொள்கைகளும் ரிச்சி தெருவில் மோதிக்கொண்டன. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, இறக்கிவைத்த சிசிடிவி பெட்டிகளையும் வயர் சுருள்களையும் தாண்டிப் போனால், ஆள் நுழைய இடமில்லாத கடையில் அகில உலகமும் தொங்கும். சித்தப்பாவின் கண் ஒரு பவர் பேங்கில் நின்றது. 50,000 எம்ஏஎச். விலை 599.

நான் கணக்குப் போட்டேன். உள்ளே இருக்கும் செல்லுக்கு 3.7 வோல்ட். 50,000 எம்ஏஎச் என்றால் 185 வாட்-மணி. விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையவே கிடையாது. "இது நிஜம்னா பிளேன்ல ஏத்த மாட்டாங்க சித்தப்பா" என்றேன். "நான் மதுராந்தகம் பஸ்ல போறவன்டா" என்றார். இயற்பியல் அங்கேயே தோற்றது.

பிறகுதான் அவர் மொழியிலேயே பேச வேண்டும் என்று தோன்றியது. "எடை போட்டுப் பாருங்க." விரல் பருமனில் வரும் சாதாரண லித்தியம் செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும், கொள்ளளவு 3,000 எம்ஏஎச்சுக்கு முன்னே பின்னே. ஐம்பதாயிரம் வேண்டுமானால் அப்படிப் பதினாறு பதினேழு செல். செல் மட்டுமே முக்கால் கிலோ. சித்தப்பா பவர் பேங்கை உள்ளங்கையில் வைத்து, முப்பது வருடப் பழக்கத்தில் லேசாக இரண்டு முறை ஆட்டினார். "இருநூறு கிராம்கூட தேறாதே" என்றார். முகம் இறுகிவிட்டது.

நல்ல கம்பெனி 10,000 எம்ஏஎச் பவர் பேங்கிலேயே, பின்பக்கம் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று பொடி எழுத்தில் 6,000க்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஏமாற்று வேலை அல்ல. 3.7 வோல்டை 5 வோல்டாக ஏற்றிக் கொடுக்கும்போது எம்ஏஎச் குறையும், கொஞ்சம் சூடாகவும் போகும். அந்த எண்ணை அச்சடிக்கும் நாணயம் இருக்கிறதே, அதற்குத்தான் நாம் கூடுதலாக இருநூறு முந்நூறு கொடுப்பது.

மெமரி கார்டு விஷயத்தில் சித்தப்பா இதற்கு முன்பே தனியாகப் போய் மாட்டியிருக்கிறார். எங்கேயோ 350 ரூபாய்க்கு 512 ஜிபி வாங்கி வந்தார். அந்த மாதிரி கார்டில் உள்ளே இருப்பது 16 ஜிபி சிப்பாக இருக்கும். '512 என்று சொல்' என்று அதன் கன்ட்ரோலருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேமரா கேட்டாலும் கம்ப்யூட்டர் கேட்டாலும் கூசாமல் அதையே சொல்லும். முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்கு. அதற்குமேல் போவதற்குப் பெயர் இருக்கும், படம் இருக்காது. தங்கையின் வளைகாப்பை வீடியோவும் படமுமாக இதில்தான் எடுத்தார். கோலம், மணை, வரிசைத் தட்டு, காபிக்குக் காத்திருக்கும் மாமாக்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வளையல் அடுக்க ஆரம்பித்த இடத்திலிருந்து சாம்பல் நிறக் கட்டங்கள். அந்த வளைகாப்பு நடந்ததற்கு இன்று குழந்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வாங்கியதும் கார்டு முழுக்க எதையாவது எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு: விண்டோசுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்சுக்கு எஃப்3. மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். இன்னொன்று, கார்டில் பெரிதாகப் போட்டிருக்கும் 170, 200 எல்லாம் படிக்கும் வேகம். கூழைக்கடா இறக்கை விரிக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம். மூலையில் குட்டியாக வி30 என்றிருந்தால், நொடிக்கு 30 எம்பியாவது எழுதும் என்று பொருள்.

லென்சுக்கு ஃபில்டர் கேட்டபோது சித்தப்பா "55 எம்எம்" என்றார். லென்சில் 18-55 என்று பெரிதாக இருக்கிறதாம். அது குவியத் தூரக் கணக்கு. ஃபில்டர் அளவு, நடுவே கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் பொடியாக இருக்கும். அவருடைய கேனானில் 58. யூவி ஃபில்டரே பிலிம் காலத்து வழக்கம். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அந்தத் தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. இடிபடாமல் இருக்க ஹூடு போதும், தூசிக்கு ரப்பர் புளோயர் போதும்.

ட்ரைபாடில் 3110 என்றொரு மாடல் ஊரெங்கும் கிடைக்கும். இது முழுதாக நீட்டினால் மூன்றடிக்குச் சற்று மேல். செல்போன் வைக்கலாம், பாதகமில்லை. கனத்த லென்சோடு கேமராவை ஏற்றினால், நாரை தலையைத் தூக்கும் நேரம் பார்த்துக் கேமரா தலையைக் குனியும். நான் சொன்ன மாற்று வழி: மஞ்சப்பையில் முக்கால் கிலோ பச்சைப்பயறு போட்டு வாயைத் தைத்து, கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, அதில் லென்சைப் படுக்க வைப்பது. பறவைப் படக்காரர்கள் பலர் இப்படிப் பைதான் வைத்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. சித்திக்குப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, லென்சில் பூஞ்சை வராமல் இருக்கக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும் என்றேன். வீட்டில் காற்றுப் புகாத டப்பா ஒன்றே ஒன்று. அதில் முறுக்கு இருந்தது. இருந்தது.

பவர் பேங்க் கடைக்கு வருவோம். "வாரண்டி உண்டா?" என்றேன். "டெஸ்டிங் வாரண்டி சார்" என்றார் கடைக்காரர். கடைக்குள் விளக்கு எரிந்தால் வாரண்டி தொடங்கி, படி இறங்கும்போது முடிந்துவிடும். பில் கேட்டேன். "பில்லுன்னா பதினெட்டு பர்சன்ட் சேரும்."

அப்போதுதான் சித்தப்பா பெட்டியைத் திருப்பினார். ஓய்வு பெற்ற ஆய்வாளர் விழித்துக்கொண்டார். "எம்.ஆர்.பி. 2,999னு ஒட்டியிருக்கீங்க. எம்.ஆர்.பி.ன்னா எல்லா வரியும் சேர்த்து. இதுல இறக்குமதி பண்ணவர் பேர் எங்க? விலாசம் எங்க? மாசம் வருஷம் எங்க?"

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "சார் எந்த டிபார்ட்மென்ட்?"

"ரிட்டயர்டு."

உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் உள்ளே போய் வேறொரு பெட்டி கொண்டுவந்தார். 10,000 எம்ஏஎச், விலை 1,100, ஆறு மாத வாரண்டி, பில் உண்டு. சித்தப்பா தூக்கி ஆட்டிப் பார்த்து, பூதக்கண்ணாடியில் முழுதும் படித்துவிட்டுப் பணம் கொடுத்தார்.

நீங்களும் சார்ஜரோ பவர் பேங்கோ வாங்கினால், ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். 2012இல் வந்த ஆணை தொடங்கி வைத்த கட்டாயப் பதிவு அது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய பொருள் என்று சொல்லிவிடும். பில் இருந்தால் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் சொல்லலாம். ரிச்சி தெருவுக்குப் பணத்தோடு மூக்குக்கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.